கோர்ட்டில் ஊற்றிய வெந்நீர்

குழந்தைகளே, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம் சின்னதாக ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. நான் ஓட்டலில் தோசை போடுகிறவன்; அதிகம் படித்ததில்லை. என் மகள் ஓவியாவுக்குப் பதினோரு வயது. பள்ளி அணிக்கு ஆள் எடுக்க நான்கு நாள் இருந்தபோது இது நடந்தது.

இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகளை நான் கூட்டவே இல்லை. அவை வடிகாலை அடைத்துக்கொண்டதால் மழைத் தண்ணீர் கோர்ட்டில் தேங்கி, டிசம்பரில் மெல்லிய பனிக்கட்டியாக உறைந்துவிட்டது. "பிராக்டிஸ் பண்ணணும்ப்பா" என்று ஓவியா முகம் வாடி நின்றாள். நான் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்தேன்.

"அப்பா, நோ! இட் வில் ஃப்ரீஸ் அகெய்ன்! மறுபடி உறைஞ்சிடும்ப்பா!"

"தினம் அடுப்புகிட்ட நிக்கிறவன் நான். வெந்நீரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியாடி?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினேன். பனிக்கட்டி கரைந்தது. "பாத்தியா? சாப்பிட்டுட்டு வந்து விளையாடு" என்றேன் பெருமையாக.

அவள் சாப்பிட்டு வருவதற்குள் அந்தத் தண்ணீர் மறுபடி உறைந்திருந்தது. பார்வைக்கு ஈரத் தரை போலத்தான் தெரிந்தது. என் பேச்சை நம்பிப் பந்தோடு ஓடியவள் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த வருடம் அவளால் அணியில் சேர முடியவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், "நான் சொன்னேனே" என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது இலை விழ விழக் கூட்டிவிடுகிறேன். கோர்ட் உறைந்தால், வெயிலில் தானாகக் கரைந்து காயும்வரை யாரையும் விடுவதில்லை. ஓவியா "வேண்டாம்ப்பா" என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

ஆனாலும், ஜூன் மாத வெயிலில்கூட அவள் ஷூ நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டில் கால் வைக்கிறாள்.