கோமாளி மீனும் மயில்துத்தமும்

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில், மண்டபம் சுற்றுலாவிலிருந்து கொண்டுவந்த கோமாளி மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஆய்வகத்தின் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் அதோடு வந்த மற்ற மூன்றும் செத்து, மிஞ்சியது அது ஒன்றுதான். மேடம் அதைக் கொட்டிவிடச் சொன்னார். நான் காப்பாற்றுகிறேன் என்றேன்.

"மாரண்டஹள்ளி டாக்டரம்மா வந்துட்டாங்கடி, வழி விடுங்க," என்று என் ஊர்ப் பேரைச் சொல்லிக் கிண்டலடித்தாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்து தாமிர சல்பேட் என்று புத்தகத்தில் இருந்தது. அப்பா தக்காளிச் செடிக்கு அடிக்கும் மயில்துத்தம்தான் அது என்று அந்த வகுப்பில் எனக்கு மட்டுமே தெரியும். மீனைத் தனி வாளியில் விட்டு, கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். கொஞ்சம் கூடினாலும் மீன் செத்துவிடும். பன்னிரண்டாம் நாள் புள்ளியெல்லாம் மறைந்து, மீன் என் விரலிலிருந்த முட்டைக் கருவைக் கொத்தித் தின்றது.

மேடம் குனிந்து பார்த்தார். "நல்லா தேத்திட்டியே. நம்ம மியூசியத்துல இது ஒண்ணுதான் இல்ல. புள்ளியோட ஜாடியில போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"மேடம், இதுக்குத்தான் உடம்பு நல்லாயிடுச்சுங்களே."

"அதனாலதாம்மா," என்றபடி, செத்த உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலைத் திறந்தார்.

மீன் ஜாடிக்குள் நாலைந்து முறை சுற்றிவிட்டு நின்றது. லேபிள் எழுத என்னைக் கூப்பிட்டார். அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன். "கையெழுத்தப் பாருங்கடி," என்று அவர் எல்லோருக்கும் காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.