மார்கழியில் பூத்த மலைத்தக்காளி

கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மட்டுமே இவ்வாரம் எழுதுகிறேன். காரணம் உண்டு. தக்காளி வளர்த்தவன் வாய்ச்சொல்லில் காய் எப்போதும் சற்றுப் பருத்துவிடும். ஆகையால் என் மனைவி எஸ்தர் படித்துத் தலையசைத்த வரிகளே இங்கு உள்ளன.

சென்ற ஞாயிறன்று, ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு தக்காளியை அறுத்தோம். கருஞ்சிவப்பு நிறம். பூசணிபோல் வரிவரியாகப் புடைத்த உடல். ஒன்றே என் உள்ளங்கையை நிறைத்தது.

அதன் விதை இவ்வூரினது அன்று. இராணுவத்தில் இருக்கும் என் மைத்துனன் டேனியலுக்கு, வடக்கே ஒரு குளிர்மலையில் பணியாற்றியபோது, அங்கொரு குடும்பத்தார் கொடுத்தது. அவர்கள் தம் தோட்டத்துப் பழத்திலிருந்தே ஆண்டுதோறும் விதையெடுப்பவர்கள் என்று அவன் சொன்னான். பிறகு அவனுக்கு மாற்றல் வந்துவிட்டது. மறுபடி கேட்டு வாங்க வழியில்லை.

இரண்டு ஆண்டுகள், தை பிறந்ததும் விதைத்தேன். செடி செழித்தது. பங்குனி வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்தது. எஞ்சியவை ஆறே விதைகள். அவையும் போனால்... அவ்வளவுதான்.

"அத்தான், அது குளிருல கெடந்து பழகுன செடி. நம்மூரு வெயில்ல பூ நிக்காது. விட்டுருங்க" என்றான் டேனியல், அலைபேசியில்.

எஸ்தர் குறுக்கே புகுந்தாள். "ஏலே, நம்மூருல குளிரே கெடையாதா? மார்கழியில மலைக்காத்து அடிக்கையில நீ என்னைக்குப் போர்வைய விட்டு எந்திரிச்சே? ஏங்க, அந்த மாசத்துல பூக்குற மாதிரி முன்னாடியே வெதைங்க."

இத்தனை எளிய கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை?

புரட்டாசியில் ஆறு விதைகளையும் இட்டோம். மூன்று முளைத்தன. ஐப்பசி மழையில் ஒன்று அழுகிற்று. மற்ற இரண்டையும் தொட்டியோடு தூக்கிப் படிக்கட்டுக் கூரையடியில் வைத்துக் காத்தோம். மார்கழியில் பூத்தன. அப்போதும் அச்சம் தீரவில்லை. பனியில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், தேனீக்களையும் காணோம். எனவே நாள்தோறும் பனி உலர்ந்தபின், பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டினேன்.

"என்ன, கதவத் தட்டுற மாதிரி தட்டுதிய! உள்ள ஆரும் இருக்காவளா?" என்றாள் எஸ்தர்.

அடுத்த கொத்தைத் தட்டினேன்.

ஒரு காலை மாடியிலிருந்து எஸ்தரின் கூவல் கேட்டது. "ஏங்க, சீக்கிரம் வாங்க! கதவத் தெறந்துட்டாவ!"

உலர்ந்த பூவின் அடியில், மிளகளவு பச்சைக் காய்!

மொத்தம் பதினொன்று காய்த்தன. விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்த டேனியலே ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்து முதற்பழத்தை அறுத்தான். உப்பு வேண்டாம் என்றான். ஒரு துண்டை வாயிலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "ஏக்கா, இதே ருசிதான்! ஆனா அங்கயே இம்புட்டுப் பெருசா காய்ச்சு நான் பாக்கலியே!"

"அங்க ஒங்கத்தான் இல்லல்லா" என்றாள் எஸ்தர்.

முப்பதாண்டு மணவாழ்வில் எனக்குக் கிட்டிய முதல் சான்றிதழ்!

இப்போது வெள்ளைத்துணியில் விதைகள் உலர்கின்றன. நூற்றுக்கு மேல் இருக்கும். எண்ணியவள் எஸ்தர்.

அடுத்த முறை ஒரு செடியைத் தட்டாமல் விட்டுப் பார்க்கலாம் என்கிறாள். நான் இசையவில்லை. ஆகவே, காய்த்தது மார்கழிக் குளிராலா, என் விரலாலா என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் எனக்கு இல்லை.