படத்தின் மேல் விழுந்த பொன்னாடை

லண்டனில் லூயிஷாம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சந்தைக்குள்ளால் நடந்து வருகிறவர்களுக்கு என் பலசரக்குக் கடையின் பச்சைப் பலகை தெரியும். அந்தக் கடையை நான் போட்டேன். அதற்கு மேலே உள்ள வீட்டை நான் வாங்கினேன். கடைக்குப் பின்னால், கூரை ஒழுகிப் புறாக்கள் குடியிருந்த பழைய கம்பளக் கிடங்கைக் கவுன்சிலிடம் குத்தகைக்கு எடுத்து, தகரம் மாற்றி, மேடை கட்டி, எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிற மண்டபமாக ஆக்கியதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஜேர்மனியில் கோப்பை கழுவியவன். இங்கே வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்று காலில் நரம்பு முடிச்சுப் போட்டவன். "உனக்கு ஏலாது" என்று சொன்ன ஆட்களின் பிள்ளைகள் இன்று என் கூரையின் கீழ்தான் அ, ஆ எழுதுகிறார்கள்.

இவ்வளவும் செய்தவனுக்குப் பயமே இருந்திராது என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. குத்தகை போகுமோ, கூரை விழுமோ, வாசலில் நிற்கிற கார் யாருடையதோ என்று பயந்து பயந்துதான் எல்லாம் கட்டினேன். ஆனால் ஊரில் ஷெல் விழுந்த நாளில் கூட, தங்கச்சி ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குள்ளால் நடந்து வந்த அந்தச் சனிக்கிழமை பயந்த மாதிரி நான் பயந்ததில்லை. நினைவு மலருக்குத் தங்கச்சியைப் பற்றி எழுதுங்கோ என்று வீட்டில் கேட்டபோது அந்த நாள்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

தங்கச்சி பிறந்தது சாவகச்சேரியில். ஐயா வேளைக்கே கண்ணை மூடிவிட்டார். நான் பேக்கரியில் மா பிசைந்தேன், தங்கச்சி படித்தார். (எனக்கு இளையவர்தான். ஆனால் மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று என் மகள் சொல்லிவிட்டா.) ஆசிரியையாக வந்தார். கலியாணம் கட்டி மச்சானோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். மச்சானுக்கு வேலை கிடைத்த இடம் கடற்கரை ஊர் அல்ல. உள்ளே, செம்மண்ணும் வெயிலுமான ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கச்சி உதவி ஆசிரியையாக இருந்தார். வகுப்பில் பாதிப்பேர் அந்த நாட்டின் ஆதிக்குடிப் பிள்ளைகள். அவர்களிடமிருந்தும், கூடவே வேலை செய்த அவர்களின் பெரியம்மா ஒருவரிடமிருந்தும் தங்கச்சி கேட்டுப் பழகிய கதைகள் கணக்கில்லை.

மச்சான் காலமான பிறகு தனியே இருக்க வேண்டாம் என்று லண்டனுக்குக் கூப்பிட்டவன் நான். மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்தை எடுத்து, "பிள்ளையளுக்குச் சரித்திரம் சொல்லிக் குடு" என்று கொடுத்தவனும் நான். சோழன், பாண்டியன், சங்கிலியன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அதையும் சொன்னார். ஆனால் கூடவே ஆதிக்குடித் தலைவர்களைப் பற்றியும் சொன்னார். முதல் கப்பல்கள் வந்தபோது எதிர்த்து நின்ற தலைவனைச் சொன்னார். தன் சனத்துக்கு ஒரு குரல் வேண்டுமென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி லண்டன் ராசாவுக்குப் பெட்டிசம் எழுதிய கிழவரைச் சொன்னார். அந்தப் பெட்டிசத்தை அங்கேயே மறித்துவிட்டார்கள், ராசாவின் கைக்கு அது வரவே இல்லை. கூலி இல்லாமல் மாடு மேய்த்த சனத்தை எழுப்பி, பண்ணையை விட்டு நடக்க வைத்து, வருடக்கணக்காகப் பொறுத்து நிலத்தைத் திருப்பி வாங்கியவர்களைச் சொன்னார். அந்த நாட்டின் சட்டமே அவர்களால்தான் மாறியது என்று சொல்லிக்கொடுத்தார்.

கதவருகே நின்று கேட்ட நான் வகுப்பு முடிந்ததும் உள்ளே போனேன்.

"தங்கச்சி, இதெல்லாம் எங்கட பிள்ளையளுக்கு ஏன்?"

"அண்ணை, பிள்ளையள் தாங்களாக் கேக்குதுகள். நான் நிப்பாட்டினாலும் விடுதுகள் இல்லை."

பாதாள ரயிலில் குண்டு வெடித்த பிறகான வருடங்கள் அவை. எங்கள் ஆட்கள் பஸ்ஸில் தமிழில் உரத்துக் கதைக்கவே யோசித்த காலம். அந்த நேரத்தில்தான் ஒரு சின்னப் பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் கூட்டிப்போன மியூசியத்துக்குள் போக மாட்டேன் என்று வாசலில் இருந்து அழுதிருக்கிறாள். எதிர்த்து நின்ற தலைவனைச் சுட்டு, தலையை வெட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள், அது எங்கே என்று இன்றுவரை தெரியாது என்று தங்கச்சி சொல்லியிருந்தார். அது உள்ளே இருக்கும் என்று பிள்ளைக்குப் பயம்.

அடுத்த கிழமை பெற்றார் கூட்டம். மண்டபம் நிறைந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பன் எழும்பினார்.

"அக்கா, நாங்கள் அகதிக் கேஸ் முடியாத ஆக்கள். ராசாவுக்கு எதிராப் பெட்டிசம் போட்ட கதை எங்கட பிள்ளைக்கு ஏன்? பள்ளிக்கூடத்தில போய்ச் சொன்னா, ரீச்சர் ஹோம் ஒஃபிசுக்குச் சொன்னா, ஆர் பொறுப்பு?"

"எதிராப் போடேல்லைத் தம்பி, ராசாவிட்டத்தான் போட்டவர். நீரும் ஹோம் ஒஃபிசிட்டத்தானே போட்டுட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறீர்?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. குத்தகை என் பெயரில் இருந்தது.

அந்த மணித்தியாலத்தைக் கணக்கு ரியூசனுக்குக் கொடுக்கலாம் என்று மண்டபச் செயலாளர் சொன்னார். தங்கச்சி கேட்டது ஒன்றுதான். தன்னோடு வேலை செய்த அந்தப் பெரியம்மா லண்டனுக்கு வருகிறா. இங்கே ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிற தங்கள் முன்னோரின் எலும்புகளைப் பொறுப்பெடுத்து ஊருக்குக் கொண்டுபோக வருகிறவர்களில் ஒருவர். ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்கு வருவா. அவவைப் பார்த்த பிறகு முடிவெடுங்கோ என்றார். நல்லபடியாக நடந்தால் வகுப்பு இருக்கும், ஏதும் பிசகினால் ரியூசன் என்று முடிந்தது. தங்கச்சியின் முகத்தை அன்று பார்த்தேன். அந்த ஒரு மணித்தியாலம் போனால் அவருக்கு லண்டனில் வேறு ஒன்றும் இல்லை.

அவ வருகிற சனிக்கிழமையையே விழாவாக வைத்தோம். பெற்றார் குறை வைக்கவில்லை. அந்தப் பெரியம்மாவின் அண்ணன் அங்கே பெரிய தலைவர். நிலத்துக்காகச் சனத்தைக் கூட்டி நடந்தவர். தங்கச்சியின் வகுப்பில் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர். சில கிழமைகளுக்கு முன்தான் அவர் இறந்திருந்தார். செய்தியை இன்ரர்நெற்றில் பார்த்த பெற்றார், தங்கச்சிக்குச் சொல்லாமல், அவரது படத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து, மேடையின் நடுச்சுவரில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, ரோசாப்பூ மாலை போட்டிருந்தார்கள். முன்னால் என் வீட்டுக் குத்துவிளக்கு. மியூசியத்துக்குப் பயந்த அதே பிள்ளை அவரைப் பற்றி வரிக்கு வரி பெயர் சொல்லிப் பேச ஆயத்தமாக நின்றாள். அன்றே மண்டபத்தின் ஸ்தாபகர் என்று எனக்கும் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. தங்கச் சரிகை போட்ட நல்ல பெரிய பொன்னாடை. தட்டத்தில் மடித்து வைத்திருந்தார்கள். பட்டு வேட்டியோடு நான் முன்வரிசையில் இருந்தேன்.

போன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணை, ரெயினால இறங்கிட்டம். மார்க்கெட்டுக்குள்ளால வாறம். எல்லாம் ஆயத்தமோ?"

"ஆயத்தமோ எண்டோ கேக்கிறாய்? அவவின்ர அண்ணரின்ர படத்தைப் பெரிசா வைச்சு, மாலை போட்டு, விளக்கும் ஏத்தியாச்சு. வாசலால வரேக்கையே நேரா முகம் தெரியும். நீ வந்து பாரன்!"

சந்தையில் தக்காளி விற்கிறவன் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு தங்கச்சி தமிழில், மெதுவாக, பக்கத்தில் இருப்பவவுக்குக் குரலில் ஒன்றும் தெரியாத மாதிரிச் சொன்னார்:

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், அதை எடுங்கோ. அவவின்ர ஊரில செத்தவையின்ர படத்தைத் துக்கம் முடியுமட்டும் பாக்க மாட்டினம். பேரும் சொல்ல மாட்டினம். பாத்தாவெண்டா மனுசி அந்த இடத்திலேயே உடைஞ்சு போயிடும். பிள்ளையளுக்கு இது தெரியும் அண்ணை, நான் படிப்பிச்சனான்."

செயலாளரிடம் ஓடினேன். அவருக்கு முகம் வெளிறியது.

"மாலை போட்ட படத்தைக் கழட்டுறதோ அண்ணை? விளக்கும் எரியுது. அபசகுனம்!"

"வேண்டாம், வேண்டாம், கை வைக்காதேங்கோ," என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். ஒரு தாய் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டா. செத்த மனிதரின் மாலையைப் பிடுங்கினால் யார் தலையில் விழுமோ என்று எங்களுக்கு ஒரு பயம். பிடுங்காவிட்டால் வாசலால் வரும் அவரின் தங்கைக்கு என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். திரையை இழுக்கலாம் என்றால் மேடைக்குத் திரை இல்லை. அதை அடுத்த வருடம் போடுவதாக இருந்தேன்.

நான் ஏணியை எடுத்தேன். முழங்கால் ஏலாத மனிதன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மேலே போன பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. "துணி! துணி தாங்கோ!" என்று கத்தினேன். யாருக்கும் கை வரவில்லை. இரண்டு படி இறங்கி எட்டி, பக்கத்து மேசைத் தட்டத்தில் கிடந்த பொன்னாடையை நானே இழுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். ஏணி சுவரில் தட்டித் தட்டி அடித்தது. மாலையைத் தொடவில்லை. விளக்கை அணைக்கவில்லை. பொன்னாடையை மாலைக்கு மேலாலேயே போட்டு, இரண்டு மூலையையும் ஆணியில் சுற்றினேன். பெரியவரின் முகம் மறையவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அந்த அம்மா உள்ளே வந்து நின்றா. நரைத்த சுருட்டை முடி, ஒரு நீலக் கம்பளிச் சட்டை. எரிகிற விளக்கைப் பார்த்தா, பிறகு பொன்னாடையைப் பார்த்தா. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவவுக்கு விளங்கிவிட்டது. வகுப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தங்கச்சி அவவின் முழங்கையைப் பிடித்தபடி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா நீண்ட நேரம் விளக்கையே பார்த்தா. பிறகு முன்வரிசையில், என் கதிரையில், போய் இருந்தா.

அடுத்தது பிள்ளையின் பேச்சு. அவளுக்குத் தெரியும், பெயர் சொல்லக் கூடாது. ஆனால் தாய் எழுதிப் பாடமாக்க வைத்த பேச்சில் பெயர் இல்லாத வரியே இல்லை. மைக்குக்கு முன்னால் வாய் திறந்தபடி நின்றாள். தாய் பின்னாலிருந்து, "சொல்லு, சொல்லு," என்று பல்லைக் கடித்தா. பிள்ளையின் கண் நிறைந்தது. அப்போது தங்கச்சி கீழேயிருந்து சாதாரணமாகச் சொன்னார்:

"மாமா எண்டு சொல்லு பிள்ளை. இவ உனக்கு அன்ரி எண்டா, அவர் உனக்கு மாமாதானே?"

பிள்ளை மூச்சை இழுத்தாள். "மாமா ஒரு நாள் சனத்தை எல்லாம் கூட்டினவர். மாமா சொன்னவர், இது எங்கட நிலம், நாங்கள் நடந்துபோய் அதிலயே இருப்பம் எண்டு." பேச்சு முடியுமட்டும் மாமா, மாமா, மாமா. அந்த அம்மா தங்கச்சியிடம் குனிந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டா. தங்கச்சி சொன்னதும் அவவின் தோள் குலுங்கியது. அழுகிறாவோ சிரிக்கிறாவோ என்று பார்த்தேன். இரண்டும்தான். தங்கள் ஊரிலும் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்றா. பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, மியூசியத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை, அவர்களைக் கூட்டிப்போகத்தான் தான் வந்திருக்கிறேன் என்று சொன்னா. கேஸ் முடியாத அந்தத் தகப்பன்தான் அவவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

ரியூசன் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. தங்கச்சி கடைசிவரை அந்த மணித்தியாலத்தை விடவில்லை. வருத்தம், பெரிய நோய் என்று டொக்டர் சொன்ன பிறகும் இரண்டு தலையணையைக் காரில் வைத்துக்கொண்டு வந்து படிப்பித்தார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்து, "அண்ணை, பயமாக் கிடக்கு," என்றார். கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால் பயப்படாத பிள்ளை. "எனக்கும்தான்," என்றேன். கையை விடவில்லை. விடியமுன் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த தாதிமாருக்கும், சிவன் கோவில் ஐயருக்கும், பிளேஸ்டோவிலிருந்தும் கிங்ஸ்பரியிலிருந்தும் சாப்பாடு கொண்டு வந்த சொந்தங்களுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலரின் முன்பக்கத்தில் தங்கச்சியின் படத்தைப் போட்டிருக்கிறோம்; அது எங்கள் வழக்கம். அவுஸ்திரேலியாவில் உள்ள அந்த அம்மாவுக்குப் போகிற பிரதியில் மட்டும் படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இனி ஒரு கணக்குப் பாக்கி. அன்றைய நன்றியுரையில் வடை சுட்டவரின் பெயர் வந்தது, மைக் பூட்டினவரின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. பொன்னாடை அன்று முழுக்கச் சுவரில் தொங்கியது, என் தோளுக்கு வரவே இல்லை. தங்கச்சியின் வகுப்பை இனி நடத்தப் போகிறவர்கள் அந்தத் தலைவர்களின் கதையோடு இந்த நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். தங்கச்சியை ரீச்சர் அன்ரி என்று சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு விளங்கும். ஆனால் மண்டபத்தைக் கட்டியவன், ஏணியில் ஏறியவன் யார் என்று கேட்டால் என் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கும் இதயக் குழாய் அடைத்து நெஞ்சுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நான் போன பிறகு வேண்டுமானால் சொல்லாமல் விடுங்கள். இப்போது, நான் முன்வரிசையில் இருந்து காதால் கேட்கக்கூடிய நாளில், சொல்லுங்கள்.