இடுப்புக்குப் போன கை

மலாக்காவில் எனக்கு நகைக்கடை. தொண்ணூறுகளில் பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்தது. அதன்பின் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே எழுந்துவிடுவேன். லைசென்ஸ் எடுத்துக் கைத்துப்பாக்கி வாங்கினேன். முன்னிடுப்பில் செருகினால் உட்காரும்போது வயிற்றைக் குத்தியது. முதுகுப்பக்கம் வைத்தால் கார் சீட்டில் சாய முடியவில்லை. கடைசியில் வலது இடுப்புதான் தோதாக இருந்தது. மறைக்கத் தொளதொளவென்று பாத்தேக் சட்டை. தினமும் காலையில் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கண்ணாடி முன் பழகுவேன். இடக்கை சட்டையைத் தூக்கும், வலக்கை உருவும்.

"ஏங்க, சாமி கும்புடுற நேரத்துல இது என்ன கூத்துலா?" என்பாள் மனைவி.

எனக்கு நகை செய்து தரும் மணியத்தின் அப்பா இறந்துபோனார். துக்கம் கேட்க டுரியான் துங்காலில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் மணியம் இரு கைகளையும் விரித்தபடி அழுதுகொண்டே ஓடிவந்தான். அவன் என்னைக் கட்டிக்கொள்வதற்குள் இடக்கை சட்டையைத் தூக்கியிருந்தது. வலக்கை துப்பாக்கியின் பிடியில் இருந்தது.

அணைத்தவனுக்கு அது தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் அவன் விலகவில்லை. காதோரம் மெல்லச் சொன்னான்:

"அண்ணே, இது நம்ம வீடுண்ணே."

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று, கட்டிக்கொள்வதுபோல் இரு கைகளையும் விரித்துப் பார்த்தேன். இடுப்புக்குப் போகிற வேகம் அதற்கு வரவில்லை.