கம்பவுண்டரின் சட்டைப்பை

எங்கள் கதைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயரைச் சொல்லாமல்தான் கதையை வாசிப்போம். விவாதம் முடியும்வரை அவர் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. வாசிப்பது நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி; வயற்காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் வேண்டாம்.

சனிக்கிழமை மாலை, அச்சகத்தின் பின்னறை. மருந்துக்கடைக் கம்பவுண்டர்தான் முதலில் வந்து நாற்காலிகளை விரிப்பார். எந்தக் கதையையும் லேசில் நம்பமாட்டார். "இவ்வளவு மழை பெய்யுதே, அவன் குடை எங்க போச்சு?" என்பார்.

ஒரு வாரம் அவர் மனைவியும் கூடவே வந்தார்; எனக்கு அக்கா முறை. இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பும் மனிதர் கதை கேட்கத்தான் போகிறார் என்பதை அக்கா நம்பவில்லை. உட்காருமுன் அறையில் இருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தார். "சரியா இருந்தா சரி தம்பி. இல்லைன்னா இவர் இனிமே இங்க வரமாட்டார்." கம்பவுண்டர் முகம் வெளிறியது. கடையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் இதுதான்.

கெட்ட நேரம், அன்று என் கையில் இருந்தது கணவனின் சட்டைப்பையைத் துழாவும் ஒரு மனைவியின் கதை.

வாசித்து முடித்ததும், வாராவாரம் வரும் டீச்சர், "அந்தப் பொண்ணு பாவம்" என்றார்.

"பாவமா?" என்றார் கம்பவுண்டர். "பிசாசு. கட்டின புருஷனை நம்பாதவ வேற எதை நம்புவா?"

தன் கதையைத் தானே திட்டித் தப்பிப்பது எங்களிடம் பழைய தந்திரம். அவர் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டார். எல்லோர் கண்ணும் அவர்மேல் போய், அப்படியே அக்காமேல் வந்து நின்றது.

"அவ துழாவுறது துவைக்கப் போடுறதுக்கு" என்றார் அக்கா நிதானமாக. "மாத்திரை அட்டையோட ஊறப்போட்டு, நல்ல சட்டை ஒண்ணு பாழாப் போச்சே. அதைக் கதையில காணோம்."

டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

கிளம்பும்போது அக்கா என்னிடம், "அடுத்த வாரமும் இதே நேரம்தானே தம்பி?" என்றார்.

அடுத்த வாரக் கதையில் ஒருவன் ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிறான். வீட்டில் மனைவி இருமினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறான். பாதியிலேயே கம்பவுண்டர் எழுந்துவிட்டார்.

"இதை யார் எழுதினது?"

அக்கா தலையைத் திருப்பவில்லை. "விவாதம் முடியட்டுங்க."

இப்போதும் கம்பவுண்டர்தான் நாற்காலிகளை விரிக்கிறார். ஆனால் வாசிப்பு தொடங்கினால் கதையில் கவனம் இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.