கொன்னாச்சு

என் மச்சான் பால்பாண்டி எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தாலும் அவர் குரல் ரோடு வரைக்கும் கேட்கும். "கொன்னாச்சூ..." என்று ஓர் இழுவை. புதிதாகக் களையெடுக்க வந்த பொம்பளைகள் பதறிப்போய் ஓடி வந்து பார்த்திருக்கிறார்கள். மனுசன் கிணற்று மேட்டில் குந்தியபடி, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, காதில் செருகிய பீடியைத் தேடிக்கொண்டிருப்பார். கொன்றது கண்டன்சரை.

அப்போது தோட்டத்துக்கு மூன்று பேஸ் கரண்ட் நாளில் கொஞ்ச நேரம்தான் வரும். மிச்ச நேரமெல்லாம் இரண்டு பேஸ். மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். இரண்டை மட்டும் கொடுத்தால் முனகிக்கொண்டே கருகிப்போகும். இல்லாத மூன்றாவதுக்கு ஈடாக கரண்டைப் பிடித்துவைக்கிற ஒரு டப்பாவை, கண்டன்சரை, இடையில் கோர்த்து எப்படியாவது ஓட்டிவிடுவார்கள். சட்டப்படி தப்புதான். வாடுகிற பருத்தியிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? எம்.ரெட்டியபட்டி சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்கு எல்லோரும் மச்சானைத்தான் கூப்பிட்டார்கள். அப்பன் பாட்டன் காலம் வரை கூலிக்கு வெட்டிய நிலத்தில், டூல்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த முதல் ஆள் அவர். அந்த நடையில் கொஞ்சம் தெனாவட்டு இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

கண்டன்சரில் ஒரு கோளாறு உண்டு. கரண்டை நிறுத்தினாலும், வயரைக் கழற்றினாலும், வாங்கி வைத்ததை அது விடாது. தெரியாமல் தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். அதனால் தொடுமுன் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டு தட்டுவார்கள். படீரென்று பொறி பறந்து அடங்கும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கொல்வது. கொன்றவர் சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. மச்சான் தனியாக வேலை பார்த்தாலும் சத்தம் கொடுப்பார்.

"யாருக்கு மச்சான் சொல்றீக, காக்காய்க்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

"எனக்குத்தான் மாப்ள. எங் காதுல விழுந்தாத்தான் எங் கை அதைத் தொடும்."

அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் கண்டன்சர் அடித்தது.

நல்லமுத்து எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள சம்சாரி. ஒரு கோடையில் அவர் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் காலையிலேயே நின்றுவிட்டது. கண்டன்சருக்குப் போகிற வயர் கருகி அறுந்திருந்தது. மச்சான் வேறொரு வேலையை முடித்துவிட்டு வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார். கண்டன்சரைக் கழற்றிக் கீழே வைத்தார். சாப்பாடு வந்துவிட்டது என்று கூப்பிடவும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவி, ஈரக்கையோடு திரும்பி வந்து கண்டன்சரை முனையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். சுருக்கென்றது. கையை உதறியபடி ஓர் எட்டு பின்னால் வைத்தார். மோட்டார் இருந்த பக்கம் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. கோடைக் கிணறு, அடியில் முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே பாறை.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

கழற்றுமுன்னே தட்டினேன், கொன்னாச்சு என்று சத்தமும் கொடுத்தேன் என்று மச்சான் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சொன்னார். அங்கே பார்க்க வந்த நல்லமுத்து சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "நான் போன் பேசிக்கிட்டு இருந்தேன். சத்தம் எதுவும் எங் காதுல விழலயேப்பா." அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். காதில் விழவில்லை என்றார், அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. கொன்றிருந்தால் எப்படி அடிக்கும்? செத்தது திரும்ப எழுந்து அடிக்குமா? வயித்துப் பசியில் மறந்திருப்பான், வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், என் ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் என்று எங்கும் இதே பேச்சு. எனக்கு ஆத்திரம் வரும். ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன்.

ஊர் போகட்டும். அவரைக் கட்டிய எங்கள் அக்கா வெள்ளைத்தாயும் நம்பவில்லை.

காலையில் பருத்தி எடுக்கப் போகுமுன் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட வேண்டும். அக்கா நோஞ்சான் உடம்புக்காரி. மச்சானோ படுக்கையிலும் கனம் குறையாத ஆள். அவர் அக்குளில் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துத் தூக்கும்போதெல்லாம் அவள் வாயிலிருந்து அதே சொல் வரும்.

"ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு தட்டிருந்தா எனக்கு இந்தக் கெதி வருமாய்யா?"

"கொன்னேன்டி."

"கிழிச்ச."

வருசக்கணக்காக அந்த வீட்டில் புருசன் பெண்டாட்டி பேச்சு இவ்வளவுதான். மச்சானுக்கு நடக்கிற ஆசை எப்போதோ விட்டுப்போயிற்று. வெளியே தூக்கிப்போய் உட்காரவைக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்பார். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. சாகுமுன் ஒரு தடவை, ஒரே தடவை, "ஆமாய்யா, நீ கொன்னுட்டுத்தான் தொட்ட" என்று வெள்ளைத்தாய் சொல்ல வேண்டும். அக்கா வெளியே போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். "நீயாச்சும் நம்புறியா மாப்ள?" நான் தலையை ஆட்டுவேன். ஆட்டுகிற தலையின் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன.

அந்தக் கண்டன்சரை அக்கா தூக்கிப் போடவில்லை. நல்லமுத்து வீட்டு ஆள் மிச்ச சாமானோடு கொண்டுவந்து கொடுத்ததை ஒரு சாக்கில் சுற்றி, மச்சான் படுத்திருந்த இடத்துக்கு நேரே பரணில் வைத்திருந்தாள். பார்த்துக்கொண்டே கிடக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

இவர்கள் மகள் நாகஜோதி அருப்புக்கோட்டையில் கரண்ட் சம்பந்தமான டிப்ளமோ படிக்கிறாள். அப்பனைக் கிடத்திய கரண்டையே படிப்பாக எடுத்தவள். சென்ற மாசி மாதம் ஒரு சாயங்காலம் பையை நெஞ்சோடு அணைத்தபடி என் ஆட்டோவில் ஏறினாள். பாதி வழி வந்ததும், "மாமா, அப்பா பொய் சொல்லலை" என்றாள். ஓரமாக ஆட்டோவை நிறுத்திவிட்டேன்.

"கண்டன்சருக்குள்ள ரெண்டு தகடு. நடுவுல எண்ணெயில ஊறுன தாளு. தாளு வழியா கரண்டு போகாது. ஆனா தாளு சும்மாவும் இருக்காது மாமா. அந்த இழுப்புல அதோட ஒவ்வொரு அணுவும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி நின்னுக்கிடும். ஒரு தட்டு தட்டுனா தகடு காலியாயிரும். தாளுல பாதிக்கு மேல உடனே பழையபடி திரும்பிரும். ஆழத்துல இருக்கதுக்கு நேரமாகும். அது மெல்லத் திரும்பத் திரும்ப, காலியான தகட்டுல மறுபடியும் கரண்டு ஏறும். எங்க சார் இன்னைக்குத்தான் நடத்துனாரு. தட்டுனாப் பத்தாதாம். ரெண்டு முனையையும் ஒரு வயரால கட்டியே வைக்கணுமாம்."

"அது எவ்வளவு ஏறும்?"

"ஆளைக் கொல்ற அளவு இல்ல மாமா. ஈரக் கையை உதற வைக்கிற அளவு." சொல்லிவிட்டு அழுதாள்.

பின் சீட்டில் இருந்த ஆட்கள் எதுவும் புரியாமல் எங்களையே பார்த்தார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல? ஒரு துண்டு வயர். ஒரு முழம்கூட வேண்டாம். கொன்றால் செத்துப்போகும் என்று இத்தனை ஊரில் இத்தனை பேர் நம்பியிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், தெரிந்த மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து, கைப்பிடியைச் சுற்றினால் கரண்ட் கொடுக்கிற மெகர் பெட்டியும் ஒரு மீட்டரும் இரவல் வாங்கி வந்தாள். பரணிலிருந்து சாக்கை இறக்கினாள். "எதுக்குடி அந்தச் சனியனை எடுக்க?" என்று அக்கா கத்தினாள். நாகஜோதி கண்டன்சரை மச்சான் கண்ணுக்கு நேராகப் பலகையில் வைத்து, மெகர் வயரை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்ததும் நான் சுற்றினேன். பிறகு வயரை எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை நீட்டி ஒரு தட்டு தட்டினாள். பொறி பறந்தது.

"கொன்னாச்சு" என்றார் மச்சான், படுத்தபடியே, பழக்கத்தில்.

நாகஜோதி மீட்டரை மாட்டினாள். ஒன்றும் இல்லை. அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் எண் நகர்ந்தது. யாரும் எதையும் தொடவில்லை. நாங்கள் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே இருந்தது.

"இது கொஞ்ச நேரம் ஏத்துனதுக்கும்மா. அன்னைக்கு அது காலையிலருந்து நெறஞ்சு கெடந்துச்சு. அப்பா கொன்னாரு. சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள அது திரும்ப ஏறிக்கிருச்சு."

மச்சான் முகத்தைப் பார்த்தேன். மீசை துடித்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "பாத்தியா... பாத்தியா..." என்றார். எனக்கு ஊரைக் கூட்ட வேண்டும்போல் இருந்தது. "கெளம்பு நாகஜோதி, மொதல்ல நல்லமுத்து வீட்டுக்குப் போவோம், அப்புறம் டீக்கடைக்கு" என்று எழுந்துவிட்டேன்.

அக்கா அசையவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மச்சான் இத்தனை வருசம் காத்துக்கிடந்ததைச் சொன்னாள்.

"ஆமாய்யா. நீ கொன்னுட்டுத்தான் தொட்ட."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"உம் மேல இருந்த கோவத்துலதான்யா நான் உன்னயத் தூக்குனேன். நீ செஞ்ச தப்புக்கு நான் சொமக்கேன்னு நெனச்சு நெனச்சு தெம்பா இருந்தேன். இப்ப தப்பே இல்லைங்கிறீக. நான் இனி எதை வச்சுத் தூக்க?"

எழுந்திருந்த நான் திரும்ப உட்கார்ந்தேன். நல்லமுத்து வீட்டுக்கும் நாங்கள் போகவில்லை. போய் என்ன சொல்ல, தாள் திரும்பிப் படுக்க நேரமாயிற்று என்றா?

மறுநாள் காலையில் அக்கா அவர் அக்குளில் கையைக் கொடுத்தாள். தூக்க வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதி ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஆட்டோவை எடுக்குமுன் நான்தான் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். அக்கா மருந்தை நீட்டுவாள், வாங்கிக்கொள்வேன். அந்த "ஒரு தட்டு" பேச்சு வீட்டில் நின்றுபோயிற்று.

நேற்று நான் கையைக் கொடுத்தபோது மச்சான் என்னைத் தடுத்தார். வாசல் பக்கம் பார்த்து, "வெள்ளத்தாயி" என்று கூப்பிட்டார். அக்கா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தட்டு தட்டிருந்தா என்னன்னு கேளு" என்றார். "ஒரு தடவை கேளுடி. கேட்டுட்டு நீயே தூக்கு."

அக்கா கேட்கவில்லை.