பாடமாக உட்காரப் போனேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். சங்ககிரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கடைசிப் பெண் சுகந்தி சேலத்தில் டாக்டர், அவளுக்கு யாழினி என்று ஒரு மகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் போன வாரம் சங்ககிரியிலிருந்து சேலம் போனதை என் கையாலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுகந்தி ஒரு கல்லூரியில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறாள். வைத்தியம் தெரிந்தால் மட்டும் போதாதாம், சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டுமாம். அதற்கென்று டாக்டர்களுக்கு ஃபெலோஷிப் என்று ஒரு பயிற்சி. ஒரு வருடமாக அதில் இருக்கிறாள். முடிவில், பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நோயாளியை உட்காரவைத்து வகுப்பு நடத்த வேண்டும். ஏற்கனவே இரண்டு தடவை நடத்தியும் தேறவில்லை. பிள்ளைகள் யோசிப்பதற்குள் இவளே விடையைச் சொல்லிவிடுகிறாளாம். சின்னதிலிருந்தே அவளுக்கு வாய் முந்தும். இது கடைசி வாய்ப்பு. தவறினால் வருடம் முழுக்கப் பட்ட பாடு வீண்.

வருவதாக இருந்த நோயாளி வரவில்லை என்றதும் எனக்குப் போன் செய்தாள். என் நெஞ்சில் ஒரு வால்வு சுருக்கம், பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். "நீ வந்து உக்காரும்மா, போதும். கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நோவு பேரை மட்டும் சொல்லீராத" என்றாள்.

காலை ஏழு மணிக்கு ஈரோட்டிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். சேலம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கண்டக்டர் சீட்டைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கம்மா, ஆசுபத்திரிக்குங்களா?"

"என்னப் பாத்தா சீக்காளியாட்டத் தெரியுதா சாமி? எம்புள்ள பாடம் நடத்தறா. அதுக்குப் போறேன்."

"இந்த வயசுல படிக்கப் போறீங்களா?"

"படிக்க இல்லீங்க. நாந்தான் பாடமே."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மகுடஞ்சாவடி வரை பஸ் பறந்தது. கொண்டலாம்பட்டியில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது. புது பஸ் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கல்லூரி வாசலில் ஒரு வேப்பமரம், அதனடியில் உட்கார்ந்தேன். மாடிப்படியில் பாதி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஏற்காட்டு மலையைப் பார்த்தேன். நான் எதற்கும் ஓடுகிறவள் இல்லை.

பத்து மணிக்கு வகுப்பு. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கடைசி வரிசையில் பெரிய டாக்டர்கள் மூன்று பேர். சுகந்தி என்னை நாற்காலியில் அமர்த்தினாள்.

ஒரு பையன் ஆரம்பித்தான். "அம்மா, நடந்தா மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்க சாமி. கல்லாட்ட இருக்கேன்."

"கால் வீங்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

வெளியாட்கள் முன்னால் முடியவில்லை என்று சொன்னால் சோறு போடும் மகனுக்கல்லவா தலைக்குனிவு? எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்லமாட்டார்கள்.

பையன் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டான். "சத்தம் கேக்குது மேடம். ஆனா தொந்தரவு எதுவும் இல்ல. இதே மாத்திரை போதும்" என்றான். அது சரியில்லை என்று சுகந்தியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவள் உதடு பிரிந்தது. பின்னால் ஒரு டாக்டர் பேனாவை எடுத்தார். சொல்லிவிடாதே கண்ணு, சொல்லிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அவங்க இல்லன்னு சொன்னா இல்லதானா? வேற எப்படிக் கேக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாயே திறக்கவில்லை. ஃபேன் மட்டும் கடகடத்தது.

கெங்கவல்லிப் பக்கத்துப் பேச்சுள்ள மாணவி ஒருத்தி முன்னால் வந்து குந்தினாள். "அம்மா, காலையில வூட்லருந்து எப்படி வந்தீங்க? சொல்லுங்க, கேப்போம்."

போய்வந்த கதையைக் கேட்டால் நான் விடுவேனா? பெஞ்சு, வேப்பமரம், ஜன்னல் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா அங்கங்க உக்காந்தீங்க?"

"மூச்சு வரோணுமல்ல சாமி?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போன வருசமும் இப்படித்தானா?"

"போன வருசம் ஒரே ஏத்தா ஏறிருப்பேன்."

அவள் எழுந்தாள். "மேடம், நோய் முத்திக்கிட்டு வருது. மாத்திரை பத்தாது. உடனே நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்."

"சரி" என்றாள் சுகந்தி. அந்த விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்தாள். "தேறிட்டேன்மா" என்றாள், சந்தோஷமே இல்லாமல். "எங்கிட்டக்கூடச் சொல்லலியேம்மா?"

"நீ எங்க கண்ணு கேட்ட? போன்ல 'நல்லாருக்கதானேம்மா'ம்ப. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள 'சரி, வெச்சர்றேன்'ம்ப."

அவள் என் கையைப் பிடித்து, எக்கோ எடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள்.

ஒரு மணி நேரத்துக்கென்று வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. வரும் திங்கட்கிழமை வால்வை விரித்துவிடப் போகிறார்களாம். சங்ககிரியில் விடிய விடிய லாரிச் சத்தம். இங்கே சுகந்தியின் மூன்றாம் மாடி வீட்டில் அது இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. சுகந்திக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது. கட்டில் அருகே வந்து உட்கார்ந்து, "எப்படி இருக்கும்மா?" என்கிறாள். கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை காத்திருக்கிறாள்.

யாழினி, இங்க வா சாமி. அம்மாயி எழுதினத மொதல்லருந்து சத்தமா வாசி. உங்கம்மா கதவோரம் நிக்கறா. நிக்கட்டும், அவளுந்தான் கேக்கட்டும்.